கொயர் லைப்ரரி வாங்கப் போகிறேன்: வார்த்தை பாட வேண்டுமா, ஆ, ஊ மட்டும் போதுமா?

மெல்லிசை_மேசை:

வணக்கம். ஆர்கெஸ்ட்ராவோடு கொயர் சேரும் ஒரு இசைக்கோவை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸ்ட்ரிங்ஸ், பிராஸ், பெர்கஷன் எல்லாவற்றுக்கும் ஓரளவு நல்ல சாம்பிள் லைப்ரரி (நிஜ வாசிப்பைச் சிறு சிறு சாம்பிள்களாகப் பதிந்து, கீபோர்டில் வாசிக்கத் தரும் தொகுப்பு) கையில் இருக்கிறது. கொயருக்கு மட்டும் கீபோர்டோடு வந்த 'ஆ' சத்தத்தை வைத்தே இதுவரை சமாளித்து வந்தேன், இந்த முறை அது எடுபடாது. ஆரம்பத்தில் வாய் மூடிய 'ம்ம்' மிக மெலிதாக வர வேண்டும். நடுவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து லத்தீன் வரிகளை வெட்டி வெட்டிப் பாட வேண்டும். கடைசியில் பெண்குரல்கள் மட்டும் தனியாக ஒரு நீளமான மெட்டைக் கொண்டுபோய் முடிக்க வேண்டும்.

தேடிப் பார்த்தால் ஈஸ்ட்வெஸ்ட் ஹாலிவுட் கொயர்ஸ், ஸ்ட்ரெசோவின் ஃப்ரேயா, வோட்டன், சவுண்ட்அயர்னின் மார்ஸ், வீனஸ், 8டியோவின் லாக்ரிமோசா, ஸ்பிட்ஃபயரின் எரிக் விட்டேக்கர் கொயர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, எல்லாவற்றின் டெமோவும் கேட்க அற்புதமாக இருக்கிறது, அதனாலேயே எதையும் தள்ள முடியவில்லை. என்னிடம் 16 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. லைப்ரரிகளைத் திறந்து வாசிக்கும் மென்பொருளான கான்டாக்டின் முழுப் பதிப்பு கிடையாது, அதன் இலவச பிளேயர்தான். இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும். எதை எடுக்கலாம்?

பழைய_சாம்ப்ளர்:

கான்டாக்ட் விஷயத்தை முதலில் பாருங்கள், பட்டியலில் சில பெயர்கள் அங்கேயே கழிந்துவிடலாம். இலவச பிளேயரில், அதற்கென்று உரிமம் பெற்ற லைப்ரரிகள் மட்டும்தான் தடையில்லாமல் ஓடும். மற்றவற்றைத் திறந்தால் 15 நிமிடம் டெமோவாக ஓடிவிட்டு நின்றுவிடும். ஒரே நிறுவனம் வெளியிட்டதிலேயே ஒன்று பிளேயரில் ஓடும், இன்னொன்று முழு கான்டாக்ட் கேட்கும். ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒவ்வொரு லைப்ரரியின் பக்கத்திலும் என்ன தேவை என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடுங்கள். ஈஸ்ட்வெஸ்ட்டுக்கு ஓபஸ், ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸ் நிறுவனத்துக்கு சைன் என்று அவரவர் சொந்த பிளேயர், விட்டேக்கர் கொயருக்கு ஸ்பிட்ஃபயரின் சொந்த பிளக்-இன். இவற்றுக்குக் கான்டாக்டே வேண்டாம்.

ரேமைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். சாம்பிளின் தலைப்பகுதியை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு மீதியை எஸ்எஸ்டியிலிருந்து ஓட ஓட எடுத்துக்கொள்வதுதான் இன்றைய பழக்கம். அருகிலும் தூரத்திலும் வைத்த மைக்குகளில் தனித்தனியாகப் பதிந்திருப்பார்கள், அதில் ஒரே ஒரு மைக் பொசிஷனை மட்டும் ஏற்றி எழுதுங்கள், மற்றவற்றைக் கடைசியில் திறந்துகொள்ளலாம். 16 ஜிபியில் நிச்சயம் வேலை நடக்கும்.

சொல்கட்டி:

நடுவில் லத்தீன் வரி வேண்டும் என்கிறீர்கள், அப்படியானால் எனக்கு வேறு யோசனையே இல்லை, வேர்ட்பில்டர் உள்ள ஒன்றைத்தான் எடுக்கச் சொல்வேன். ஈஸ்ட்வெஸ்ட் 2005-இல் சிம்ஃபானிக் கொயர்ஸ் வெளியிட்டபோதே நாம் தட்டச்சு செய்ததைக் கொயர் பாடும் இந்த வசதி வந்துவிட்டது. 2017-இல் வந்த ஹாலிவுட் கொயர்ஸில் அதன் அடுத்த பதிப்பு இருக்கிறது. ஆங்கிலமாக எழுதலாம், ஒலிக்குறிகளாக எழுதலாம், அல்லது அவர்களுடைய வோட்டாக்ஸ் என்ற எழுத்துமுறையில் எழுதலாம். எழுதி முடித்து வாசித்தால் ஒவ்வொரு நோட்டுக்கும் அடுத்தடுத்த அசை வரும்.

புதிதாகத் தொடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டலை அப்படியே போட்டுவிட்டு, வார்த்தை தெளிவாக வரவில்லை என்று சோர்ந்துவிடுவார்கள் பலர். காதில் எப்படி விழ வேண்டுமோ அதைத்தான் எழுத வேண்டும், ஆகவே வோட்டாக்ஸைக் கொஞ்சம் பொறுமையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் டைம் எடிட்டர் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒவ்வொரு மெய்யெழுத்தும் எப்போது தொடங்கி எவ்வளவு சத்தமாக வர வேண்டும் என்று கையால் இழுத்துச் சரிசெய்யலாம். உண்மையான வேலை நடக்கும் இடம் அதுதான். எஸ் சத்தத்தைக் குறைத்து, டி-யைக் கொஞ்சம் ஏற்றி, ர்-ஐ முன்னால் தள்ளி என்று ஒரு வரிக்கு நேரம் எடுக்கத்தான் செய்யும். ஆனால் அது முடிந்தபின் கிடைக்கும் சத்தம் வெறும் ஆ, ஊவில் ஒருநாளும் வராது. லத்தீன் இதற்கு ரொம்பத் தோது, உயிரொலிகள் கொஞ்சம்தான், அவையும் வளையாமல் நேராக நிற்கும். ஆங்கில வரி போட்டால் ஒரே உயிர் இரண்டு ஒலியாகச் சறுக்கிக்கொண்டு போகும், சாம்பிளில் அதைப் பிடிப்பது கடினம்.

நான்கு_குரல்:

சொல்கட்டி சொன்னதில் தவறில்லை, ஆனால் நான் முழுக்க எதிர்ப்பக்கம். மூன்று பகுதி சொன்னீர்கள், அதில் வார்த்தை தேவைப்படுவது ஒன்றில்தான், அந்த ஒன்றிலும் பிராஸும் டிரம்ஸும் முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். அப்போது கேட்பவர் காதுக்குப் போவது மூன்று சங்கதிதான்: தாளம், மெய்யெழுத்தின் தாக்குதல், உயிரின் நிறம். என்ன வார்த்தை என்று யாராலும் பிரித்தறிய முடியாது. நிஜக் கொயர் மேடையில் நின்று பாடினாலும் பல இடங்களில் அப்படித்தான். அதனால் வார்த்தைக்காக ஒரு லைப்ரரியைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை, அசைக்காகத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரெசோவ் கொயர்களில் சில்லபில்டர் என்று ஒன்று இருக்கிறது. பதிவான அசைகளை நமக்கு வேண்டிய வரிசையில் அடுக்கி வைத்துவிட்டால் வாசிக்க வாசிக்க அது வரிசையாக வரும். அகராதி வார்த்தை வராது, ஆனால் பாடகர்கள் அந்த அசையை முழுதாகப் பாடிப் பதிவான உயிர் அதில் இருக்கும். துண்டு துண்டாக ஒட்டிய மெய்யும் உயிரும் அந்த இடத்துக்கு வருவதற்குள் உழைப்பு மிகுதி.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது உங்கள் முதல் பகுதி. மெலிதான ம்ம். உரக்கப் பாடும் கொயர் எல்லா லைப்ரரியிலும் நன்றாக இருக்கும், ஏனென்றால் விற்பதே அதை வைத்துத்தான். மெலிந்த சத்தத்தில்தான் தரம் தெரியும். மாட் வீலை (கீபோர்டில் பாடும் அழுத்தத்தை ஏற்றி இறக்கும் சக்கரம்) கீழே கொண்டுவந்தால் பாடகர்கள் மெதுவாகப் பாடிய சாம்பிள் வருகிறதா, அல்லது உரக்கப் பாடியதையே வால்யூம் குறைத்துக் காட்டுகிறதா என்று கேளுங்கள். இரண்டாவது வகையாக இருந்தால் தூரத்தில் யாரோ கத்துவது போல இருக்கும், மென்மை வராது. ஆர்கெஸ்ட்ரல் டூல்ஸின் மெட்ரோபொலிஸ் ஆர்க் 1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதில் ஆண், பெண் கொயர்கள் உண்டு, ஆனால் அந்தத் தொகுப்பு முழுவதும் உரத்த இசைக்கென்றே பதிவானது. அடுத்து வந்த ஆர்க் 2 மெலிந்த பக்கத்துக்கு. அதாவது தயாரிப்பாளர்களே இவை இரண்டும் வேறு வேறு வேலை என்று பிரித்துத்தான் பதிவு செய்கிறார்கள், நாம்தான் ஒன்றில் எல்லாவற்றையும் எதிர்பார்க்கிறோம்.

ஆல்டோ_வரிசை:

நான் கொயரில் ஆல்டோ பாடுகிறவள், கொஞ்சம் இசையும் எழுதுவேன். பாடுகிற பக்கத்திலிருந்து சில விஷயங்கள் சொல்கிறேன், லைப்ரரி தேர்ந்தெடுக்க இவை உதவும்.

முதலில் எல்லை. சாப்ரானோ, ஆல்டோ பெண்களின் மேல்குரலும் கீழ்க்குரலும், டெனர், பேஸ் ஆண்களுடையவை; சுருதியோடு வரும் எண் ஸ்தாயியைக் குறிக்கும், நடு சி என்பது சி4. சாப்ரானோவுக்கு நடு சி-யிலிருந்து ஏ5 வரை, ஆல்டோவுக்கு ஜி3-யிலிருந்து டி5 வரை, டெனருக்கு சி3-யிலிருந்து ஜி4 வரை, பேஸுக்கு இ2-விலிருந்து டி4 வரை என்று வைத்துக்கொண்டு எழுதினால் நிஜக் கொயர் மாதிரியே இருக்கும். பல லைப்ரரிகள் இதற்கு மேலும் கீழும் கட்டைகளை நீட்டிக் கொடுக்கும், அவற்றில் சில ஒரு சாம்பிளை இழுத்து நீட்டியவை. 'பெண்கள்', 'ஆண்கள்' என்று இரண்டே குழுவாக வரும் லைப்ரரியா, நான்கு குரலும் தனித்தனியா என்பதையும் பாருங்கள். ஆல்டோவும் சாப்ரானோவும் ஒரே சுருதியில் பாடினால்கூட நிறம் வேறு. ஆல்டோவுக்கு அது மேல்ஸ்தாயி, சாப்ரானோவுக்கு அது ஓய்வான இடம். ஒரே பேட்ச்சில் (லைப்ரரியில் திறக்கும் ஒரு குரல் அமைப்பு) கார்டு, அதாவது பல சுருதிகளை ஒன்றாகப் பிடிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கிடைக்காது, அதனால்தான் கணினியில் செய்யும் பல மாக்கப்களில் (மாதிரிப் பதிவுகளில்) கொயர் ஒரே பெரிய ஆர்கன் மாதிரி ஒலிக்கிறது.

அடுத்தது வார்த்தை. சாப்ரானோ மேலே போகப் போக உயிரொலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், இது பாடகரின் குறையல்ல. வாய்க்குள் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு முதல் ஒத்ததிர்வு உண்டு, 'ஈ'க்கு அது சுமார் 300 ஹெர்ட்ஸ். ஏ5 என்ற சுருதியே 880 ஹெர்ட்ஸ். சுருதி அதற்கு மேலே ஏறிவிட்டால் 'ஈ' என்று அடையாளம் காட்டும் அந்த ஒலி இருக்கவே வாய்ப்பில்லை. நாங்களும் அங்கே வாயைத் திறந்து எல்லாவற்றையும் 'ஆ'வுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் பாடுவோம். ஆகவே வரி புரிய வேண்டிய இடத்தில் சாப்ரானோவை நடுவில் வையுங்கள். உச்சத்தில் வார்த்தை புரியவில்லை என்று எந்த லைப்ரரியையும் தள்ள வேண்டாம்.

ம்ம் பற்றி: வாய் மூடி ஹம் செய்வது இயல்பாகவே சத்தம் குறைந்த ஒலி. மேலே போய் உரக்க ஹம் செய்ய யாராலும் முடியாது. உங்கள் ஆரம்பப் பகுதியை எல்லாக் குரல்களுக்கும் நடுப்பகுதியிலோ அதற்குக் கீழோ எழுதினால் சாம்பிளும் நன்றாக ஒலிக்கும்.

பழைய_சாம்ப்ளர்:

அருமையான பதில். மூச்சைப் பற்றியும் சொல்லுங்கள், அதையும் பலர் கவனிப்பதில்லை. டேப்பில் ஓடிய பழைய கீபோர்டான மெல்லோட்ரான் காலத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டேப் துண்டு, சுமார் 8 விநாடியில் தீர்ந்துவிடும், கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டினாலேயே அந்தக் கொயர் ஒலியை வாசித்தவர்கள் மனிதர் பாடும் நீளத்துக்குள் எழுதினார்கள். இப்போது சாம்பிளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் லூப் இருப்பதால் சுருதி முடிவில்லாமல் நிற்கிறது.

ஆல்டோ_வரிசை:

நிஜக் கொயரும் முடிவில்லாமல் நிற்கும், பக்கத்தில் இருப்பவர் மூச்சு எடுக்கும்போது நாம் எடுக்காமல் மாற்றி மாற்றி எடுப்போம், கேட்பவருக்குத் தெரியாது. ஆனால் அது மாறாமல் நீண்டு நிற்கும் பெடல் சுருதிக்குத்தான். மெட்டு என்றால் எல்லோரும் சேர்ந்து வாக்கிய முடிவில் மூச்சு எடுப்போம், அந்த இடைவெளி இசையின் பகுதி. அதனால் கடைசியில் வரும் பெண்குரல் மெட்டில் வாக்கியங்களுக்கு நடுவே உண்மையாகவே இடைவெளி விடுங்கள். அந்த ஒன்றைச் செய்தாலே சுமாரான லைப்ரரிகூட மேலே வந்துவிடும்.

மிக்ஸ்_அறை:

இதுவரை யாரும் அறையைப் பற்றிப் பேசவில்லை. கொயர் லைப்ரரியில் நீங்கள் வாங்குவது குரலை மட்டுமல்ல, அது பதிவான அறையையும் சேர்த்துத்தான். ஸ்பிட்ஃபயர் விட்டேக்கர் கொயர் லண்டன் ஏர் ஸ்டூடியோவின் லிண்ட்ஹர்ஸ்ட் ஹாலில் பதிவானது, ஒரு காலத்தில் தேவாலயமாக இருந்த கட்டடம் அது. மெட்ரோபொலிஸ் ஆர்க் பெர்லினின் டெல்டெக்ஸ் ஸ்டூடியோவில் பதிவானது. வியன்னா சிம்ஃபானிக் லைப்ரரியின் வியன்னா கொயர் அவர்களுடைய சைலன்ட் ஸ்டேஜில் பதிவானது, கிட்டத்தட்ட எதிரொலியே இல்லாமல் வறண்டு இருக்கும், அறையை நாம் பின்னால் சேர்க்க வேண்டும்.

இதில் எது நல்லது என்பது உங்கள் மற்ற லைப்ரரிகளைப் பொறுத்தது. ஸ்ட்ரிங்ஸும் பிராஸும் ஒரு பெரிய ஹாலில் பதிவானவை என்றால் அதே மாதிரி ஹாலில் பதிவான கொயர் சுலபமாக உட்காரும். வறண்ட கொயரை அதற்குப் பின்னால் நிறுத்த ரிவர்ப்பில் (செயற்கை எதிரொலி) நிறைய வேலை செய்ய வேண்டும். ஆனால் வேகமாக வெட்டிப் பாடும் இடத்தில் ஹாலின் வால் அடுத்த அசைமேல் விழுந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும், அங்கே வறண்டதுக்குத்தான் அனுகூலம். குளோஸ் மைக் தனியாகக் கிடைக்கும் பதிப்பை எடுத்தால் இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம். சில லைப்ரரிகளில் மலிவான பதிப்பில் ஒரே மைக் கலவைதான் இருக்கும், பெரிய பதிப்பில்தான் மைக்குகள் பிரித்துக் கிடைக்கும், அதைக் கவனித்து வாங்குங்கள்.

இன்னொன்று, எண்ணிக்கை. பத்துப் பேர் பாடிய ஒரு பேட்ச்சில் நான்கு நோட்டை ஒன்றாக அழுத்தினால் நாற்பது பேர் பாடும் சத்தம் வருகிறது. பெரிய முழக்கத்துக்கு அது பரவாயில்லை. மெலிந்த இடத்தில் நான்கு நோட்டு கார்டைப் பெரிய குழுவால் பிடித்தால் நெருக்கமே போய்விடும், சிறிய குழுவாகப் பதிவான லைப்ரரி அங்கே ரொம்ப உதவும்.

மெல்லிசை_மேசை:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. நான்கு_குரல் சொன்னபடி டெமோக்களை விட்டுவிட்டு வாக்-த்ரூ வீடியோக்களில் மாட் வீல் கீழே இருக்கும் இடங்களை மட்டும் தேடிக் கேட்டேன், வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது. விட்டேக்கர் கொயர் மெலிந்த இடத்தில் மனதை அள்ளுகிறது. ஆனால் வெட்டிப் பாடும் பகுதிக்கு அது ஒத்துவருமா என்று சந்தேகமாக இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. லெகாட்டோ (சுருதிகளை இடைவெளி இல்லாமல் இணைத்துப் பாடுவது) என்று எல்லோரும் போடுகிறார்களே, அதில் எதைப் பார்க்க வேண்டும்? பின்னால் தமிழ் வரிகளை வைத்து ஒன்று செய்யும் எண்ணம் இருக்கிறது, வேர்ட்பில்டரில் தமிழ் பாட வைக்க முடியுமா?

நான்கு_குரல்:

விட்டேக்கர் கொயர் நீண்டு நிற்பதற்கும் மெல்ல மாறிக்கொண்டே போகும் ஒலிகளுக்கும்தான் பெயர் பெற்றது. உங்கள் முதல் பகுதியை அதில் எழுதினால் நீங்களே மயங்கிப் போவீர்கள். நடுப்பகுதிக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

லெகாட்டோவுக்கு வருகிறேன். ஒரு சுருதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் அசைவையே பதிவு செய்து வைத்திருந்தால் அது நிஜ லெகாட்டோ. இரண்டு சாம்பிளை ஒன்றின்மேல் ஒன்று மங்கவிட்டால் அது ஒப்புக்குத்தான். சோதிக்க எளிய வழி, நான்கு அல்லது ஐந்து சுருதி தாண்டும் ஒரு தாவலை மெதுவாக வாசிப்பது. நிஜமானதில் குரல் நகர்வது கேட்கும். எந்த உயிரில் லெகாட்டோ இருக்கிறது என்றும் பாருங்கள், 'ஆ'வுக்கு மட்டும் கொடுத்துவிட்டு 'ம்ம்'க்குக் கொடுக்காத லைப்ரரி உண்டு. உங்களுக்கு இரண்டும் வேண்டும். அப்புறம் லெகாட்டோ பேட்ச்சில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுருதிதான். நான்கு குரலுக்கு நான்கு டிராக் திறந்து தனித்தனியாக எழுதுவதுதான் சரி, ஆல்டோ_வரிசை சொன்ன நிறமும் அப்போதுதான் கிடைக்கும்.

சொல்கட்டி:

தமிழ் கேள்விக்கு: ஓரளவுக்கு. உயிரெழுத்துகள் பிரச்சினை இல்லை, குறில் நெடிலை நோட்டின் நீளத்தில் கொண்டுவந்துவிடலாம். ம, ந, ல, வ, ய, ர, ச எல்லாம் நன்றாகவே வரும். ழ, ள, ண, ற, அழுத்தமான ட இவற்றுக்குப் பதிவே இருக்காது, பக்கத்து ஒலியை வைத்தால் வெளியூர்க்காரர் பாடியது போலத்தான் ஒலிக்கும், தமிழ்க் காது உடனே கண்டுபிடித்துவிடும். நீங்களே வரி எழுதுகிறீர்கள் என்றால் உச்சமான இடங்களில் அந்த எழுத்துகள் விழாமல் வார்த்தைகளைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் இரண்டு மூன்று பேரை வைத்து மேலே நிஜமாகவே பாட வைத்து, அடியில் லைப்ரரியை வைத்துவிடுங்கள். காது அந்த நிஜக் குரலின் வார்த்தையைப் பிடித்துக்கொள்ளும், பின்னால் இருக்கும் கூட்டமும் அதையே பாடுவதாக எடுத்துக்கொள்ளும். லத்தீன் பகுதிக்கும் இதே வழி செல்லும்.

குறைந்த_சத்தம்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே தேடல். சாம்பிளே வேண்டாம், சிந்தசைசர் வி மாதிரி வரியைப் பாடும் மென்பொருளில் நாலைந்து குரலை எடுத்து அடுக்கினால் கொயர் ஆகிவிடாதா?

மிக்ஸ்_அறை:

ஆகும், சிறிய குழுவாக. தனிக்குரலுக்கு அந்த வகை மென்பொருள் பிரமாதம், வார்த்தை தெளிவில் எந்தச் சாம்பிள் கொயரும் அதற்குப் பக்கத்தில் வராது. ஆனால் ஒரே குரலை நகலெடுத்து அடுக்கினால் கொயர் கிடைக்காது, ஒரே ஆள் இரட்டித்துப் பாடிய சத்தம்தான் கிடைக்கும். வெவ்வேறு குரல் தரவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சுருதியையும் தொடக்க நேரத்தையும் அதிர்வின் வேகத்தையும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி, இடம் வலமாகப் பரப்பி, ஒரே ஹால் ரிவர்ப்பில் எல்லோரையும் நிறுத்த வேண்டும். அப்படிச் செய்தும் ஒரே அறையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு பாடும்போது சுருதியும் உயிரும் தானாகவே ஒன்றை ஒன்று நோக்கி நகர்வது இதில் வராது. கொயரின் அழகே அதுதான், சாம்பிள் லைப்ரரி அதை அப்படியே பதிந்து தருகிறது. அதனால் அடியில் சாம்பிள் கொயர், மேலே வார்த்தைக்கு இரண்டு மூன்று செயற்கைக் குரல், இந்தக் கலவையைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

பழைய_சாம்ப்ளர்:

வாங்கும் முன் உரிமம் பற்றி ஒரு வார்த்தை. சாம்பிள் லைப்ரரியைத் திறந்தபின் திருப்பித் தர பெரும்பாலும் முடியாது, வேறொருவருக்கு விற்கவும் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. ஆகவே பழையது வாங்கலாம் என்று யாராவது விலை பேசினால், உரிமத்தை மாற்றிக் கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொள்கிறதா என்று நேரடியாக அவர்களிடம் எழுதிக் கேளுங்கள். பாடகர் பாடிய முழு வாக்கியங்கள் வரும் லைப்ரரியாக இருந்தால் இன்னும் கவனம், அதே மெட்டு இன்னும் எத்தனையோ பேர் இசையில் இருக்கும். மேலே வேறு எதுவும் இல்லாமல் அந்த வாக்கியத்தை மட்டும் தனியாக ஒலிக்க விடாதீர்கள். அவசரம் இல்லை என்றால் நவம்பர் கடைசியில் கிட்டத்தட்ட எல்லோரும் தள்ளுபடி தருவார்கள், அதுவரை காத்திருக்கலாம்.

அவசரம் என்றால் இன்னொரு வழி. ஈஸ்ட்வெஸ்ட்டில் மாதச் சந்தா இருக்கிறது, ஹாலிவுட் கொயர்ஸை அதில் எடுத்து உங்கள் நடுப்பகுதியை எழுதிப் பார்த்துவிடலாம். சந்தா நின்றபின் பிராஜெக்டைத் திறந்தால் சத்தம் வராது என்பதால், எழுதிய ஒவ்வொரு குரலையும் ஆடியோவாக எடுத்து வைத்துவிடுங்கள்.

மெல்லிசை_மேசை:

முடிவுக்கு வந்துவிட்டேன். சந்தாவில் ஹாலிவுட் கொயர்ஸ் எடுத்து நடுப்பகுதியை அதில் செய்கிறேன். வாங்கப் போகிற ஒன்றை மெலிந்த பகுதிகளுக்காகத் தேர்ந்தெடுக்கிறேன், ஏனென்றால் இனி நான் எழுதப் போவதிலும் அதுதான் அதிகம் இருக்கும், உரத்த பகுதிக்கு அவ்வப்போது சந்தா போதும். விட்டேக்கர் கொயர்தான் மனதில் நிற்கிறது, தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்கிக்கொள்கிறேன்.

வேர்ட்பில்டரில் இரண்டு வரி முடித்துவிட்டேன், வோட்டாக்ஸ் பழகப் பழகப் பிடிக்கிறது. ஒரே ஒரு சிக்கல். எல்லா நோட்டும் கிரிடில் (திரையில் உள்ள தாளக் கட்டத்தில்) சரியாக இருக்கிறது, ஆனாலும் கொயர் டிரம்ஸுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வருகிறது. தாளத்தில் ஒட்டவில்லை.

ஆல்டோ_வரிசை:

மெய்யெழுத்தைத் தாளத்தில் வைத்திருக்கிறீர்கள், அதனால்தான். பாடும்போது தாளம் விழும் இடத்தில் உயிரெழுத்து விழ வேண்டும். 'ஸ்த', 'க்ர' மாதிரிச் சத்தங்களை அதற்கு முன்பே சொல்லி முடித்துவிடுவோம். கொயர் பயிற்சியில் இதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

சொல்கட்டி:

அதேதான். கொயர் டிராக் முழுவதும் சற்று முன்னதாக ஒலிக்கும்படி மைனஸ் டிலே கொடுத்துப் பாருங்கள், சில அசைகளுக்கு 100 மில்லி செகண்டுக்கு மேலேகூடத் தேவைப்படும். ஒரே அளவு எல்லா அசைக்கும் பொருந்தாது. 'ம', 'ந' மெதுவாகத் திறக்கும், 'த', 'ப' சட்டென்று திறக்கும், 'ஸ்'க்கு எல்லாவற்றையும்விட அதிக இடம் வேண்டும். முதலில் டிராக்கை மொத்தமாக முன்னால் நகர்த்திவிட்டு, பிறகு ஒவ்வொரு நோட்டாகக் கையால் சரிசெய்யுங்கள். வாக்கியத்தின் கடைசி மெய், உதாரணமாக முடிவில் வரும் 'ம்' அல்லது 'ஸ்', நோட்டை விடும் நேரத்தில்தான் ஒலிக்கும், ஆகவே நான்கு குரலும் ஒரே நேரத்தில் முடியும்படி நோட்டின் வாலையும் பாருங்கள்.

மெல்லிசை_மேசை:

முன்னால் நகர்த்தியதும் அப்படியே டிரம்ஸோடு ஒட்டிக்கொண்டது. 'ஸ்'க்கு மட்டும் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டியிருக்கிறது. டெனரையும் பேஸையும் தனித்தனி டிராக்கில் பிரித்து எழுதியதில் நடுப்பகுதி நிறையத் தெளிந்துவிட்டது. சந்தா முடிவதற்குள் எல்லாவற்றையும் ஆடியோவாக எடுக்கப் போகிறேன்.

மிக்ஸ்_அறை:

எடுக்கும்போது ஒவ்வொரு குரலையும் இரண்டு முறை எடுங்கள். குளோஸ் மைக் மட்டும் ஒரு ஃபைல், ஹால் மைக் மட்டும் இன்னொரு ஃபைல், ரிவர்ப் பிளக்-இன் இரண்டிலும் வேண்டாம். வால் வெட்டுப்படாமல் கடைசி நோட்டுக்குப் பின் சில விநாடி அதிகமாக விட்டு எடுங்கள். அந்த மைனஸ் டிலேயில் இருக்கும் டிராக் என்பதால், எடுத்த ஆடியோவைப் புதிய டிராக்கில் போட்டபின் தொடக்கம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை டிரம்ஸோடு வைத்துக் கேட்டுவிட்டுச் சந்தாவை நிறுத்துங்கள்.